லீனியர் ரிக்ரெஷன் டெஸ்ட்: கணக்கு வருகிறது, விளக்கம் எழுத வரவில்லை

சிப்புட்_மாணவி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பகலில் தோட்ட ஆபீசில் கிராணிக்கு (எழுத்தருக்கு) உதவியாக வேலை, வார இறுதியில் ஈப்போ போய் டிப்ளோமா வகுப்பு. அடுத்த சனிக்கிழமை புள்ளியியல் டெஸ்ட், முழுக்க லீனியர் ரிக்ரெஷன்தான், அதாவது இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பை ஒரு நேர்கோடாக எழுதுவது. சிதறல் வரைபடம், கோட்டின் சமன்பாடு, ஆர், ஆர் ஸ்கொயர், சாய்வுக்கு டி சோதனை, நம்பிக்கை இடைவெளி, ரெசிடுவல் வரைபடம், கம்ப்யூட்டர் அடித்துத் தரும் அட்டவணையைப் படித்துப் பதில் சொல்வது, இவ்வளவும் வரும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார்.

என் பிரச்சினை கணக்கு இல்லை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வரியில் "இதைச் சூழலோடு விளக்குக" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் என்ன எழுதினாலும் பாதி மார்க்குக்கு மேல் வருவதில்லை.

பயிற்சித் தாளில் இருக்கிற கணக்கு இது. ஒரு ரப்பர் தோட்டத்தின் ஐந்து மாத விவரம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். எக்ஸ் என்பது அந்த மாதத்தில் காலையில் மழை பெய்த நாட்கள், ஒய் என்பது பால் வெட்டு நடந்த நாட்கள்.

மழைக்காலை: 2, 4, 6, 8, 10
வெட்டு நாள்: 24, 22, 21, 17, 16

எனக்குச் சாய்வு −1.05, வெட்டுத்துண்டு 26.3, ஆர் −0.979 என்று வந்தது. இதை வைத்துக்கொண்டு வாக்கியமாக என்ன எழுதுவது? இன்னொன்று, எஸ்பிஎம் (பள்ளி இறுதி அரசுத் தேர்வு) கூடுதல் கணிதத்தில் புள்ளிகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற மாதிரி ரூலரை வைத்துக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டோமே, அந்தக் கோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரெசிடுவல் வரைபடத்தை எதற்காகப் பார்க்கிறோம் என்பதும் இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள்.


டியூஷன்_அக்கா:

தங்கச்சி, உன் விடை மூன்றும் சரி. அதனால் நேராக விளக்கத்துக்கு வருகிறேன்.

முதலில் எக்ஸ், ஒய் என்று எழுதுவதை நிறுத்து. சமன்பாட்டையே "வெட்டு நாள் = 26.3 − 1.05 × மழைக்காலை" என்று எழுதிவிட்டால் பாதி விளக்கம் அங்கேயே வந்துவிடும். இனி ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் அலகோடு ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பழகு. சாய்வுக்கு: "மாதத்தில் மழைக்காலை ஒரு நாள் கூடினால், வெட்டு நாள் சராசரியாக 1.05 நாள் குறையும் என்று இந்தக் கோடு கணிக்கிறது." இந்த வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்கிறது: எது கூடுகிறது, எவ்வளவு கூடுகிறது, எது எவ்வளவு குறைகிறது, அப்புறம் "சராசரியாக". பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். மார்க் போவதும் பெரும்பாலும் அதில்தான், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் அப்படியே 1.05 நாள் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. 4 மழைக்காலையிலிருந்து 6க்குப் போனபோது ஒரே ஒரு நாள்தான் குறைந்தது, 6லிருந்து 8க்குப் போனபோது நான்கு நாள் குறைந்தது, உன் தாளிலேயே பார்.

வெட்டுத்துண்டு 26.3 என்றால் காலை மழையே இல்லாத மாதத்தில் ஏறக்குறைய 26 நாள் வெட்டு நடக்கும் என்ற கணிப்பு. ஞாயிறு விடுமுறையைக் கழித்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் தரவு 2லிருந்துதான் தொடங்குகிறது, சுழியம் அதற்கு வெளியே இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுது. அதே காரணத்தால்தான் மாதம் முழுக்கக் காலை மழை, 30 நாள், என்று போட்டுப் பார்த்தால் 26.3 − 31.5 = −5.2 நாள் வெட்டு என்று வரும். மைனஸ் ஐந்து நாள் யாரும் வேலை செய்ய முடியாது. 2க்கும் 10க்கும் இடையில் கோடு சொல்வதை நம்பலாம், அதற்கு வெளியே அதே போக்கு நீடிக்கும் என்பதற்குத் தரவு சாட்சி சொல்லவில்லை.

ஆர், ஆர் ஸ்கொயர் இரண்டையும் கலக்காதே. ஆர் −0.979 என்பது திசையையும் நெருக்கத்தையும் சொல்கிறது: மழைக்காலை கூடக் கூட வெட்டு நாள் குறைகிறது, புள்ளிகள் நேர்கோட்டை ஒட்டியே இருக்கின்றன. ஆர் ஸ்கொயர் 0.959. அதன் வாக்கியம் வேறு: "மாதத்துக்கு மாதம் வெட்டு நாளில் காணும் ஏற்ற இறக்கத்தில் சுமார் 96 விழுக்காட்டை, மழைக்காலையோடு உள்ள நேர்கோட்டுத் தொடர்பு விளக்குகிறது." 96 விழுக்காடு புள்ளிகள் கோட்டில் இருக்கின்றன என்றோ, கணிப்பு 96 விழுக்காடு சரி என்றோ எழுதினால் தவறு.

எஸ்பிஎம் கோடு பற்றிக் கேட்டாய். கண்ணால் போட்டால் உன் கோடு வேறு, பக்கத்தில் உட்கார்ந்தவள் கோடு வேறு. நீ இப்போது படிக்கிற மீச்சிறு வர்க்க முறையில் எல்லாருக்கும் ஒரே கோடுதான். 1805இல் லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணிதர் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு மாதத்துக்கும் உண்மை மதிப்பிலிருந்து கோட்டின் மதிப்பைக் கழி, அதுதான் ரெசிடுவல். உன் கணக்கில் −0.2, −0.1, 1.0, −0.9, 0.2. கூட்டினால் சுழியம் வரும். சராசரிப் புள்ளி வழியாகப் போகிற எந்தக் கோட்டுக்கும் இப்படிச் சுழியம் வரும் என்பதால் கூட்டுத்தொகையை மட்டும் வைத்து நல்ல கோட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம்: 0.04 + 0.01 + 1.00 + 0.81 + 0.04 = 1.90. வேறு எந்த நேர்கோடு போட்டாலும் இந்த எண் 1.90ஐவிடக் கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் சாய்வு −1, வெட்டுத்துண்டு 26 என்று வைத்துப் போட்டுப் பார், 2 வரும். வெட்டு நாள் சராசரி 20லிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் வர்க்கக் கூட்டு 46, அதில் கோட்டால் விளக்க முடியாமல் மிஞ்சியது 1.9, விளக்கியது 44.1. 44.1ஐ 46ஆல் வகுத்தால் அதே 0.959. இந்த மூன்று எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்தால் கம்ப்யூட்டர் அட்டவணையும் புரியும்.


செம்பனை_கண்டக்டர்:

அக்கா சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் நான் அதற்கும் முன்னால் ஒன்று சொல்வேன் மா. எண்ணைத் தொடுவதற்கு முன் புள்ளிகளை வரைந்து பார். 1973இல் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளி. நான்குக்கும் சராசரி ஒன்றே, ஆர் ஏறக்குறைய 0.816, கோடும் ஒன்றே, ஒய் = 3 + 0.5 எக்ஸ். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமான சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி தனியாக விலகி நின்று கோட்டை இழுக்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எக்ஸ் மதிப்பு ஒன்றேதான், அதாவது அந்தத் தனிப்புள்ளியை எடுத்துவிட்டால் சாய்வு என்ற பேச்சே கிடையாது. கால்குலேட்டர் இந்த நான்கையும் வேறுபடுத்திச் சொல்லாது.

ரெசிடுவல் வரைபடம் எதற்கு என்று கேட்டாயே, அது உன் ஆபீஸ் கோப்புகளிலேயே இருக்கிறது. செம்பனையின் (பாமாயில் மரம்) வயதையும் ஒரு ஹெக்டருக்கு வரும் விளைச்சலையும் எடுத்துக்கொள். நட்டு ஏறக்குறைய இரண்டரை மூன்று வருடத்தில் குலை வெட்டத் தொடங்குகிறோம், அப்புறம் விளைச்சல் விறுவிறுவென்று ஏறும், சில வருடம் உச்சத்திலேயே நிற்கும், அதன்பின் மெல்ல இறங்கும், 25 வருடம் வாக்கில் மரத்தைத் தள்ளி மறுநடவு. இதற்குள் ஒரு நேர்கோட்டைப் போட்டால் என்ன ஆகும்? இளம் மரத்துக்கும் கிழ மரத்துக்கும் கோடு கூடுதலாகக் கணிக்கும், அதனால் இரண்டு ஓரத்திலும் ரெசிடுவல் மைனஸ். நடு வயது மரத்துக்குக் குறைவாகக் கணிக்கும், அங்கே பிளஸ். ரெசிடுவல் வரைபடத்தில் புள்ளிகள் வில் மாதிரி வளைந்து நிற்கும். அப்படி ஒரு வடிவம் தெரிந்தாலே நேர்கோடு இதற்குப் பொருந்தாது என்று எழுதிவிடலாம், ஆர் எவ்வளவு வந்தாலும் சரி. நல்ல கோடு என்றால் ரெசிடுவலில் எந்த வடிவமும் இருக்காது, சுழியத்துக்கு மேலும் கீழுமாகத் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். ஒரு பக்கம் குறுகலாகத் தொடங்கி மறுபக்கம் புனல் மாதிரி விரிந்தால் அது வேறு பிரச்சினை, சிதறலின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை, அப்போது டி சோதனையை அப்படியே நம்ப முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டெஸ்டில் "ஆர் சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தொடர்பே இல்லையா" என்று கேட்பார்கள். செம்பனையில் இந்த மாத மழையையும் இந்த மாதக் குலையையும் வைத்து ஆர் கணக்கிட்டால் பெரிதாக ஒன்றும் வராமல் போகலாம். அதற்காக மழைக்கும் குலைக்கும் சம்பந்தமில்லை என்று தோட்டத்தில் யாரிடமாவது சொல்லிப் பார், சும்மா விடமாட்டார்கள். பூ ஆண் பூவாகுமா பெண் பூவாகுமா என்பது அந்தக் குலை வெட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே தீர்மானமாகிறது, வறட்சி வந்தால் ஆண் பூ கூடும். அடி விழுவது இன்றைக்கு, குலை குறைவது ரொம்ப நாள் கழித்து. ஆர் சொல்வது நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு வரிசைக்கு இடையிலான நேர்கோட்டுத் தொடர்பை மட்டும்தான். எதை எதோடு வைப்பது என்ற அறிவு நம்மிடம் இருக்க வேண்டும்.


கேசியோ_தம்பி:

சிப்புட் அக்கா, வரைபடம், விளக்கம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் டெஸ்ட் மண்டபத்தில் நேரம் என்று ஒன்று இருக்கிறது, கண்டக்டர் அண்ணன் சொல்கிற மாதிரி யோசித்துக்கொண்டே இருந்தால் கடைசிக் கேள்விக்குப் போக முடியாது. கையால் சூத்திரம் போடுவதை ஒரு முறைக்கு நன்றாகப் பழகிவிட்டு, மற்றபடி கால்குலேட்டரை வைத்துச் சரிபாருங்கள். கேசியோ 570 எம்எஸ் வைத்திருந்தால் முதலில் ஷிஃப்ட், சிஎல்ஆர், 1, சமக்குறி, பழைய தரவு அழியும். இதைச் செய்யாவிட்டால் முந்தைய கணக்கின் எண்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும். அப்புறம் மோட் பட்டனை அழுத்திக்கொண்டே போய் ரெக், அதற்குள் லின். 2, கமா, 24, எம் பிளஸ் என்று ஒவ்வொரு ஜோடியாகப் போடுங்கள், திரையில் எத்தனையாவது ஜோடி என்று எண் வரும், கடைசியில் அது 5 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கவனம்: கேசியோவில் ஏ என்பது வெட்டுத்துண்டு, பி என்பது சாய்வு. சில பாடப்புத்தகத்தில் நேர் எதிராக இருக்கும். பெயரைப் பார்க்காமல் குறியைப் பாருங்கள், உங்கள் கணக்கில் மைனஸ் வருவதுதான் சாய்வு.

டி சோதனைக்கு, அதாவது சாய்வு உண்மையில் சுழியமாக இருக்குமா என்று பார்ப்பதற்கு: மிஞ்சிய 1.9ஐ 5 − 2 = 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.796. அதை 40இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.126, இதுதான் சாய்வின் திட்டப் பிழை, அதாவது சாய்வின் மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு. 40 என்பது மழைக்காலை சராசரியிலிருந்து விலகுவதன் வர்க்கக் கூட்டு. −1.05ஐ 0.126ஆல் வகுத்தால் டி ஏறக்குறைய −8.3. அட்டவணையில் விடுதலைப் பாகை (அந்த 5 − 2) 3, இருபக்கம் 5 விழுக்காட்டுக்கு 3.182. மைனஸை விட்டுப் பார்த்தால் நம்முடையது அதைவிட ரொம்பப் பெரிது, சாய்வு சுழியம் என்ற இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம். 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −1.45லிருந்து −0.65 வரை. சுழியம் அதற்குள் இல்லை, டி சோதனை சொன்னதும் அதேதான், இரண்டும் முரண்பட்டால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று அர்த்தம். ஏன் 2ஐக் கழிக்கிறோம் என்று கேட்டால், சாய்வு ஒன்று, வெட்டுத்துண்டு ஒன்று, இரண்டையும் அதே தரவிலிருந்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் அட்டவணையில் சாய்வும் திட்டப் பிழையும் பக்கத்து பக்கத்தில் இருக்கும், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் டி. ஒரு கட்டத்தை மறைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வது எல்லாருக்கும் பிடித்த கேள்வி.


சிப்புட்_மாணவி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, தம்பி. வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், இது சரியா என்று சொல்லுங்கள்.

"காலை மழை காரணமாக, ஒவ்வொரு மழைக்காலைக்கும் வெட்டு நாள் சராசரியாக 1.05 குறைகிறது. 95 விழுக்காடு நம்பிக்கையோடு இந்தக் குறைவு 0.65க்கும் 1.45க்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம்."

அப்புறம் இரண்டு சந்தேகம். சாய்வு சுழியம் என்பதை நிராகரித்தால் சிக்னிஃபிகன்ட் என்கிறார்களே, அப்படியென்றால் தாக்கம் பெரிது என்று எழுதலாமா? இன்னொன்று, 7 மழைக்காலை உள்ள மாதத்துக்கு 26.3 − 7.35 = 18.95 நாள் என்று கணித்துவிட்டேன், ஆனால் அதற்கே இரண்டு இடைவெளி கேட்கிறார்கள், ஒன்று சராசரிக்கு, ஒன்று கணிப்புக்கு. எதை எப்போது போடுவது?


டியூஷன்_அக்கா:

இரண்டாவது வாக்கியம் அழகாக வந்திருக்கிறது. முதல் வாக்கியத்தில் "காரணமாக" என்பதை எடுத்துவிடு. காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்தோடும், கிண்ணத்தில் தண்ணீர் சேரும், அதனால் வேலை நிற்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அது தோட்டம் தெரிந்ததால் நமக்குத் தெரிவது, இந்த ஐந்து புள்ளி சொல்வது இல்லை. ரிக்ரெஷன் இரண்டும் சேர்ந்து நகர்வதைத்தான் காட்டும். காரணத்தை விளக்கச் சொல்லித் தனியாகக் கேட்டால் அப்போது பட்டை, பால் எல்லாம் எழுது, தனி வாக்கியமாக.

சிக்னிஃபிகன்ட் என்றால் பெரிது என்று அர்த்தம் இல்லை. உண்மையில் சாய்வு சுழியமாக இருந்தால் இவ்வளவு தூரம் விலகிய ஒரு மதிப்பு தற்செயலாகக் கிடைப்பது அரிது, அவ்வளவுதான். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒன்றுக்கும் உதவாத சின்னச் சாய்வுகூட சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும். பெரிதா சிறிதா என்பதைச் சாய்வின் அளவையும் அலகையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஐந்து மழைக்காலை கூடினால் ஐந்து நாளுக்கு மேல் வெட்டு போகிறது, நாள் சம்பளத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அது பெரிது, அதை எண்ணோடு சேர்த்து எழுதினால் திருத்துகிறவர் சந்தோஷமாக மார்க் போடுவார்.

இடைவெளிக்கு வருவோம். 7 மழைக்காலை உள்ள மாதங்கள் எல்லாவற்றையும் நினைத்து, அவற்றின் சராசரி வெட்டு நாள் எவ்வளவு என்று கேட்டால் நம்பிக்கை இடைவெளி: உன் கணக்குக்கு 17.75லிருந்து 20.15 வரை. வரப்போகிற ஒரு குறிப்பிட்ட மாதத்தில் 7 மழைக்காலை இருந்தால் அந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டால் கணிப்பு இடைவெளி: 16.15லிருந்து 21.75 வரை. இரண்டாவது எப்போதும் அகலம், ஏனென்றால் கோடு எங்கே இருக்கிறது என்ற நிச்சயமின்மையோடு அந்த ஒரு மாதத்தின் சொந்த ஏற்ற இறக்கமும் சேர்கிறது. சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் ஒரு 1 கூடுதலாக இருக்கிறதே, அது இதுதான்: ஒன்றில் 1/5 + 1/40, மற்றதில் 1 + 1/5 + 1/40. அந்த 1/40 என்பது 7, சராசரியான 6லிருந்து ஒன்று விலகியிருப்பதன் வர்க்கத்தை அதே 40ஆல் வகுத்தது. சராசரியை விட்டு விலக விலக இரண்டு இடைவெளியும் அகலும், "எந்த எக்ஸுக்கு இடைவெளி மிகக் குறுகல்" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 6 என்று எழுது.

கேள்வியில் "சராசரியாக", "எல்லா மாதங்களுக்கும்" என்று வந்தால் முதலாவது, "ஒரு மாதத்தில்", "அடுத்த மாதம்" என்று வந்தால் இரண்டாவது.

இன்றைக்கு இன்னொரு கணக்கு செய்து பார். 20 மாதத் தரவு, சாய்வு 0.42, திட்டப் பிழை 0.15, பாகை 18க்கு அட்டவணை மதிப்பு 2.101. டி எவ்வளவு, முடிவு என்ன, நம்பிக்கை இடைவெளி என்ன, மூன்றையும் முழு வாக்கியமாக எழுதி இங்கே போடு. எக்ஸுக்கும் ஒய்க்கும் நீயே தோட்டத்திலிருந்து பெயர் வைத்துக்கொள். ராத்திரி டியூஷன் முடிந்ததும் பார்க்கிறேன்.